மெல்போர்னின் வானவில் புத்தகக்கடைக்காரர்: இ. டபிள்யூ. கோல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஆஸ்திரேலியக் குழந்தைநூல் ஒன்றின் மறுபதிப்பு பல ஆண்டுகளுக்கு முன் என் கைக்கு வந்தது. அட்டையில் ஒரு பெரிய வானவில். உள்ளே விடுகதை, படம், பாட்டு, புதிர் எல்லாம் இடைவெளியின்றி நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. அதைத் தொகுத்தவரைத் தேடிப் போனபோது, நூலைவிடச் சுவையான மனிதர் ஒருவர் கிடைத்தார். அவரைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. எனவே எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் விடை எழுதி வைக்கிறேன்.

யார் இந்த இ. டபிள்யூ. கோல்?

எட்வர்டு வில்லியம் கோல், மெல்போர்ன் நகரில் 'கோல்ஸ் புக் ஆர்கேட்' என்ற மாபெரும் புத்தகக்கடையை நடத்தியவர். கடைக்காரர், பதிப்பாளர், தொகுப்பாளர், துண்டுப்பிரசுரம் எழுதியவர், விளம்பரக் கலையில் கைதேர்ந்தவர். 1832 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் உட்சர்ச் என்ற ஊரில் ஒரு கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். 1918 டிசம்பர் 16 அன்று மெல்போர்னின் எசென்டன் பகுதியில் தமது 86ஆம் வயதில் இறந்தார்.

அப்படியானால் அவரை 19ஆம் நூற்றாண்டுக்காரர் என்றுதானே சொல்ல வேண்டும்?

பிறந்ததும் வளர்ந்ததும் அந்த நூற்றாண்டில்தான். ஆனால் அவர் எழுதியவற்றுள் இன்றைக்கும் நம்மைத் தொடுகிற எழுத்து 1900களின் தொடக்கத்தில் வந்தது. ஆறு காலனிகளும் இணைந்து ஆஸ்திரேலியா ஒரே நாடானது 1901 ஜனவரி 1 அன்று. அந்தப் புதிய நாடு தன் முதல் ஆண்டிலேயே இயற்றிய ஒரு சட்டத்தை எதிர்த்து, எழுபது வயதைத் தாண்டிய கோல் பேனாவை எடுத்தார். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். அவரது கடையும் 1910கள் வரை அவர் கையிலேயே செழித்திருந்தது.

ஆஸ்திரேலியாவுக்கு எப்படி வந்தார்?

பள்ளிப் படிப்பு பெயருக்குத்தான். இளம் வயதிலேயே வீட்டைவிட்டு லண்டனுக்குப் போனார். அங்கிருந்து 1850இல் தென்னாப்பிரிக்காவின் கேப் காலனிக்குக் கப்பல் ஏறினார். 1851இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்த செய்தி உலகெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு கோல் மெல்போர்னில் இறங்கினார்.

தங்கம் தோண்ட வந்தவர்களில் பெரும்பாலோர்க்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்தது: வயிற்றுக்கடுப்பும் வெறுங்கையும். தோண்டுகிறவர்களுக்குத் தாகம் எடுக்கும் என்பதை அவர் கண்டுகொண்டார். காசில்மெய்ன் பக்கத்துத் தங்கவயல்களில் எலுமிச்சைப் பானம் விற்றார். 1862இல் ஜார்ஜ் பர்னெல் என்ற புகைப்படக்காரரோடு துடுப்புப் படகில் மரே ஆற்றின் வழியே நெடும்பயணம் போனார். எச்சுகாவில் தொடங்கி, ஆறு கடலை நெருங்கும் கூல்வா வரை. வழியெங்கும் எடுத்த இரட்டைப் படங்கள் (கருவியில் வைத்துப் பார்த்தால் முப்பரிமாணமாகத் தெரிபவை) அந்த ஆற்றின் பழைய தோற்றத்துக்கு இன்று அரிய சாட்சிகள். பிறகு மெல்போர்னுக்குத் திரும்பி, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பலகாரத்தைத் தெருவில் வண்டி வைத்து விற்றார்.

பலகார வண்டிக்காரர் புத்தகத்துக்கு வந்தது எப்படி?

என் கணிப்பில் அவர் வாழ்க்கையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

மெல்போர்ன் பொது நூலகம் 1856இல் திறக்கப்பட்டது. பதினான்கு வயது நிரம்பி, கையும் சுத்தமாக இருந்தால் போதும். யாரும் உள்ளே போய் உட்கார்ந்து படிக்கலாம். பணம் கட்ட வேண்டாம், பரிந்துரைக் கடிதம் வேண்டாம். அந்தக் காலத்தில் இது எளிய காரியமன்று. பள்ளியை ஒழுங்காகப் பார்த்திராத கோலுக்கு அந்த வாசிப்பு அறைதான் பல்கலைக்கழகம். அங்கே அவர் உலக மதங்களைப் பற்றிப் படித்துக் குவித்தார். படித்ததிலிருந்து ஒரு நூல் எழுந்தது. அதைப் பதிப்பிக்க எவரும் முன்வரவில்லை.

1865 செப்டம்பர் 30 அன்று கிழக்குச் சந்தையில் ஒரு பழைய புத்தகக்கடை போட்டார். அப்போது அவருக்கு வயது 33. பிறகு 1867இல் தமது நூலைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். எழுத வேண்டும் என்ற வேட்கையும் விற்க வேண்டும் என்ற தேவையும் ஒரே தள்ளுவண்டியில் ஏறிக்கொண்டன. கடைசிவரை இறங்கவே இல்லை. அவரை வெறும் வியாபாரி என்றோ வெறும் எழுத்தாளர் என்றோ பிரித்துப் பார்ப்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

பதிப்பாளர்கள் மறுத்த அந்த நூலில் அப்படி என்ன இருந்தது?

இயேசுவுக்கும் பவுலுக்கும் வரலாற்றில் உள்ள உண்மையான இடம் எது என்பது அதன் பொருள். அற்புதங்களை ஏற்க மறுத்து, இயேசுவை ஒரு மனிதராக வைத்துப் பேசியது. 1860களின் மெல்போர்ன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போகும் ஊர். நூலில் 'எட்விக்' என்ற புனைபெயரைத்தான் போட்டார். ஆனால் அவர் மதத்தை இகழ்ந்தவர் அல்லர். எல்லா மதங்களிலும் நல்லது இருக்கிறது, எந்த ஒன்றுக்கும் தனியுரிமை இல்லை என்பதே அவர் வந்து சேர்ந்த முடிவு. உலக மதங்களை எல்லாம் ஒப்பிட்டு ஒரு பெருநூல் எழுதும் திட்டமும் வைத்திருந்தார்.

வால் முளைத்த மனிதர்களைப் பற்றி விளம்பரம் கொடுத்தார் என்பது உண்மையா?

உண்மைதான். 1873இல் போர்க் தெருவில் தமது முதல் ஆர்கேடைத் திறக்கும் காலத்தில், வால் உள்ள மனித இனம் ஒன்று நியூகினியில் கண்டுபிடிக்கப்பட்டதாக ஒரு நீண்ட 'செய்தி'யை ஹெரால்டு நாளிதழில் காசு கொடுத்து வெளியிட்டார். அந்த மக்களின் பெயர் 'எலோக்வே'. அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் இ. டபிள்யூ. கோல் என்று வரும். ஊர் முழுக்க அதே பேச்சாக இருந்தது. பேசியவர்கள் கடைக்கு வந்தார்கள்.

நாளிதழில் கோலின் விளம்பரங்களுக்கு மேலே பெரும்பாலும் ஒரு வானவில் வளைந்திருக்கும். கடை முகப்பிலும் வானவில்தான். நூல் அட்டையிலும் அதுவே. எழுதப் படிக்கத் தெரியாதவரும் 'அந்த வானவில் கடை' என்று சொல்லிக் கேட்டு வந்து சேரலாம்.

மனைவியையும் விளம்பரம் கொடுத்தா தேடினார்?

ஆம். எல்லோரும் விரும்பிக் கேட்கும் கேள்வி இது. 1875 ஜூலையில் அதே ஹெரால்டு இதழில் 'நல்ல மனைவி தேவை' என்று விளம்பரம் வந்தது. பொருத்தமான பெண்ணைக் காட்டித் தருவோர்க்கு 20 பவுண்டு வெகுமதி. வயது 35 அல்லது 36, திருமணமாகாதவர், நற்குணம், அறிவு, நேர்மை, சிக்கனம், சுத்தம் இருக்க வேண்டும், ஆடை அலங்காரத்தில் வரம்பு மீறக் கூடாது, வீட்டை விரும்புகிறவராக இருக்க வேண்டும் என்று பட்டியல் நீண்டது.

ஊர் சிரித்தது. ஆனால் ஹோபார்ட்டைச் சேர்ந்த எலைசா பிரான்சிஸ் ஜோர்டன் என்ற பெண் அந்த விளம்பரத்தை நேர்மையான மனிதர் ஒருவரின் நேர்மையான பேச்சாகப் படித்தார்; பதில் எழுதினார். விளம்பரம் வந்து ஆறு வாரத்துக்குள், 1875 ஆகஸ்ட் 10 அன்று, திருமணம் நடந்தது. அப்போது கோலுக்கு 43 வயது. 1911இல் எலைசா இறக்கும்வரை 36 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள், குடும்பம் பல ஆண்டுகள் கடைக்கு மேலேயே குடியிருந்தது. இந்தக் கதையை வெறும் வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எலைசாவை மறந்துவிடுகிறார்கள். கேலிக்கு ஆளான ஒரு விளம்பரத்துக்குப் பதில் எழுதத் துணிச்சல் வேண்டும்.

புக் ஆர்கேடின் உள்ளே என்னதான் இருந்தது?

நாம் பேசும் பெரிய கடை 1883இல் திறக்கப்பட்டது. போர்க் தெருவில், ஸ்வான்ஸ்டன் தெருவுக்கும் எலிசபெத் தெருவுக்கும் இடையில், தலைமை அஞ்சலகத்துக்கு அருகில் இருந்தது. தங்கத்தால் கொழுத்த மெல்போர்ன் அப்போது கிடுகிடுவென வளர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் மக்கள்தொகை ஏறக்குறைய ஐந்து லட்சத்தை எட்டியது.

தெருவிலிருந்து பார்த்தால் முகப்பில் வானவில். வாசலில் மாலுமி உடுப்புப் போட்ட இரண்டு இயந்திரப் பொம்மைகள் ஓயாமல் ஓர் உருளையின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றச் சுற்ற ஒவ்வொரு விளம்பரப் பலகையாக மேலே எழுந்து வரும். குழந்தைகள் அந்தச் சின்ன மனிதர்களைவிட்டு நகரமாட்டார்கள்.

உள்ளே போனால் தரைத்தளத்திலிருந்து நிமிர்ந்து பார்க்கும்போது கண்ணாடிக் கூரை தெரியும். இரு பக்கமும் மேல்தள நடைமாடங்கள், எங்கும் அலமாரிகள். புதிய நூல், பழைய நூல், பாடநூல், இசைத்தாள், எழுதுபொருள் என்று துறை துறையாகப் பிரித்திருந்தார்கள். ஆர்கேடில் இருபது லட்சம் நூல்கள் இருப்பதாக அவரே விளம்பரம் செய்தார். எண்ணிப் பார்த்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. அந்த எண்ணை நான் விளம்பரமாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

நூல் மட்டுமா? வாத்தியக் குழு வாசிக்கும். பெரணிச் செடிகள் நிறைந்த பசுங்கூடம் உண்டு. பறவைக் கூண்டுகளும் குரங்குகளும் உண்டு. உருவத்தைக் குட்டையாகவும் நெட்டையாகவும் வளைத்துக் காட்டும் கண்ணாடிகள் ஓரிடத்தில். காசு போட்டால் கொக்கரித்துத் தகர முட்டை இடும் இயந்திரக் கோழி ஓரிடத்தில்; முட்டைக்குள் சின்னப் பரிசு. தேநீர்க் கூடம், இனிப்புக்கடை, பொம்மைக்கடை, புகைப்படக்கூடம், அச்சகம். கடை பின்னால் வளர்ந்து லிட்டில் காலின்ஸ் தெருவரை நீண்டது. அதற்கும் அப்பால் ஹோவி பிளேஸ் என்ற சந்திலும் பரவியது. அந்தச் சந்துக்கே கோல் கண்ணாடிக் கூரை போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு குடும்பம் குடும்பமாக வந்து பொழுது கழிக்கும் இடமாக ஒரு புத்தகக்கடை இருந்திருக்கிறது என்பதை நினைக்கும்போது மனம் நிறைகிறது.

யாரும் வாங்காமல் உட்கார்ந்து படித்துவிட்டுப் போனால் வியாபாரம் என்னாவது?

கோலின் கடையில் வருகிறவரை 'என்ன வேண்டும்?' என்று எவரும் நெருக்கக் கூடாது. விரும்பும் நேரம்வரை படிக்கலாம். வாங்கச் சொல்லி ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்பதையே அவர் விளம்பரமாகப் போட்டார். அதற்காகவே கடையெங்கும் பிரம்பு நாற்காலிகள் போட்டு வைத்தார். நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு நூலை முடித்துவிட்டு வெறுங்கையோடு போனவர்களும் இருந்தார்கள்.

நட்டம் என்று கணக்குப் பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டம் இருக்கும் கடைக்குக் கூட்டம் வரும். படிக்க வந்தவரின் குழந்தை கோழி முட்டைக்குக் காசு கேட்கும். மனைவி தேநீர்க் கூடத்தில் உட்காருவார். அவரே கிளம்பும்போது பாதி படித்த நூலை விட மனமில்லாமல் வாங்குவார். பொம்மையும் இனிப்பும் இசைத்தாளும் நூலைத் தாங்கின; நூல் அவற்றுக்கு ஆள் சேர்த்தது. வியாபார மூளை இல்லாதவர் செய்யக்கூடிய ஏற்பாடு அன்று இது.

இருந்தாலும் இதை வெறும் உத்தி என்று சுருக்க எனக்கு மனம் வரவில்லை. சுத்தமான கைகளை மட்டுமே கேட்டு உள்ளே விட்ட நூலகத்தில் அமர்ந்து படித்தவர் அவர். தமக்குக் கிடைத்ததைத் தம் கூரையின் கீழ் திருப்பிக் கொடுத்தார் என்றே படுகிறது. பலகார வண்டிக்காரனாக இருந்தபோது எந்தக் கடையில் அவரை உட்காரவிட்டிருப்பார்கள்?

கோலின் வில்லைகள் என்று சேகரிப்பாளர்கள் சொல்வது எதை?

ஆர்கேட் பெயர் பொறித்த உலோக வில்லைகளை. கூட்டம் மிகும் நாள்களில் உள்ளே நுழைய மூன்று பென்ஸ் கொடுத்து ஒரு வில்லை வாங்க வேண்டும். அதைக் கொடுத்து உள்ளே பொருள் வாங்கிக்கொள்ளலாம். ஒரு பக்கம் கடைப் பெயர். மறுபக்கம் பொன்மொழி: வாசிப்பும் சிந்தனையும் அறிவைத் தரும், உலகமே உன் நாடாகட்டும், நன்மை செய்வதே உன் மதமாகட்டும், ஒவ்வொருவருக்கும் வாசிக்கக் கற்றுக்கொடுத்துச் சிந்திக்கத் தூண்டினால்தான் மனித குலத்துக்கு மீட்சி. இப்படிப் பல.

அவருடைய துண்டுப்பிரசுரங்களை வாங்காதவர் சட்டைப் பையிலும் அவர் எழுத்து போய்ச் சேர்ந்தது.

'ஃபன்னி பிக்சர் புக்' எப்படிப்பட்ட நூல்?

1879 கிறிஸ்துமஸ் சமயத்தில் வெளிவந்த குழந்தைநூல். பெற்றோர் பல தலைமுறைகளாகப் பிள்ளைகளுக்கு வாங்கித் தந்தார்கள். பல லட்சம் படிகள் விற்றது. ஆஸ்திரேலியாவில் வயதானவர்களிடம் கேட்டால் 'எங்கள் வீட்டிலும் இருந்தது' என்று சொல்லக்கூடும்.

பையன் நாடு, பெண் நாடு, பூனை நாடு, நாய் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு நாட்டிலும் படங்களும் பாட்டுகளும். புகைப்பழக்கத்தைக் கேலி செய்யவும் ஒரு நாடு உண்டு. பக்கத்தில் வெற்றிடம் என்பதே கிடையாது. எங்கே விரலை வைத்தாலும் அங்கே ஒன்று படிக்க இருக்கும். தொடக்கத்திலிருந்து இறுதிவரை வரிசையாகப் படிக்கும் நூல் இல்லை. மழைநாளில் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு புரட்டுவதற்கு ஏற்றது.

எல்லாம் அவர் எழுதியவை அல்ல. கத்தரிக்கோலும் பசையும் கொண்டு உருவான நூல் என்று சொன்னால் பிழையில்லை. பிறர் பாட்டுகளையும் படங்களையும் எடுத்துச் சேர்த்து, நடுநடுவே தம் வரிகளைப் பொருத்தினார். இதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். எவருடையது என்று குறிப்பிடாமல் எடுத்தது குறைதான். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் எதை எதற்குப் பக்கத்தில் வைத்தால் குழந்தை சிரிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தத் தேர்வும் ஒரு கலை.

பின்னர் இரண்டாம் புத்தகமும் வந்தது. 1951இல் அவருடைய பேரன் கோல் டர்ன்லி மூன்றாவதைத் தொகுத்தார். தாத்தாவின் வாழ்க்கை வரலாற்றையும் அவரே பிற்பாடு எழுதினார்.

அதில் பிள்ளைகளை அடிக்கும் எந்திரம் இருக்கிறதாமே?

இருக்கிறது. பள்ளியில் குறும்புக்காரப் பையன்களைச் சாட்டையால் அடிக்க ஸ்னூக்ஸ் என்பவர் கண்டுபிடித்த எந்திரம் என்று ஒரு முழுப்பக்கப் படம். பல்சக்கரமும் பட்டையும் சுழல, வரிசையாகப் பையன்கள் அடி வாங்குவார்கள்.

இன்றைய பெற்றோருக்கு இது உறுத்துகிறது; உறுத்தவும் வேண்டும். பிரம்படி அன்றாடம் நடந்த காலத்துப் பக்கம் அது. எந்திரங்களின் மீது மோகம் கொண்டிருந்த யுகத்தையும் பிரம்பை நம்பிய ஆசிரியர்களையும் ஒருசேரப் பகடி செய்யும் படமாகவே நான் அதைப் படிக்கிறேன். குழந்தைக்குக் காட்டுவதாக இருந்தால் அருகில் உட்கார்ந்து காட்டுங்கள்.

வேறு என்ன எழுதினார், வெளியிட்டார்?

'கோல்ஸ் ஃபன் டாக்டர்' என்ற நகைச்சுவைத் தொகுப்பு பெரும் புகழ் பெற்றது. மருந்தைவிடச் சிரிப்பு மேல் என்பது அதன் கட்சி. கவிதைத் தொகுப்புகள், பாட்டுத் தொகுப்புகள், புதிர் நூல்கள் எனச் சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் நிறைய வெளியிட்டார். இவற்றோடு மதம், உலக ஒற்றுமை ஆகியவை பற்றிய தம் சிறுநூல்களையும் அச்சிட்டார். சிரிப்பு நூல் விற்ற காசு, அதிகம் விலைபோகாத கருத்து நூலுக்கு அச்சுக்கூலி ஆனது.

எழுத்தாளராக அவர் பெரிய நடையழகு உள்ளவர் அல்லர். சொன்னதையே சொல்வார், மேற்கோள்களை அடுக்குவார். ஆனால் எதையும் நம்பாமல் எழுதியதில்லை.

'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கையை அவர் எதிர்த்தாரா?

எதிர்த்தார். இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய காரணமே இந்தக் கேள்விதான்.

1901 டிசம்பரில் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. வெள்ளையர் அல்லாதோர் வரக் கூடாது என்று சட்டத்தில் நேராக எழுதவில்லை. வழி வேறு: அதிகாரி ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களைப் படிப்பார்; வந்தவர் அதைப் பிழையின்றி எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரைத் தடுக்க வேண்டுமானால் அவருக்குத் தெரியாத வேறொரு மொழியில் படித்தால் முடிந்தது. தேர்வு என்ற பெயரில் மூடிய கதவு அது. சீனரும் ஜப்பானியரும் மட்டுமல்ல, அதே பிரிட்டிஷ் மணிமுடியின் குடிகளாக இருந்த இந்தியர்களும், அவர்களில் தமிழர்களும் அந்தக் கதவுக்கு வெளியேதான் நின்றார்கள். அதே ஆண்டில் குயின்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களில் உழைத்த பசிபிக் தீவு மக்களைத் திருப்பி அனுப்பவும் தனிச் சட்டம் வந்தது.

முதல் பிரதமர் எட்மண்ட் பார்ட்டனின் அரசு இதைக் கொண்டுவந்தது. தொழிற்கட்சி முழுமூச்சாக ஆதரித்தது. எதிர்த்துப் பேசிய நாடாளுமன்ற உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணலாம். ஜப்பான் அரசின் சார்பில் எதிர்ப்புத் தெரிவிக்கப்பட்டும் பலனில்லை. ஊரே ஒரு பக்கம் நின்றபோது, தம் பிழைப்புக்கு ஊரையே நம்பியிருந்த கடைக்காரர் மறுபக்கம் போய் நின்றார். 1900களின் தொடக்கத்தில் மனைவியோடு ஜப்பானுக்குப் பயணம் போய், ஆஸ்திரேலியர் எல்லோரும் ஒரே மனத்தவர் அல்லர் என்று தம் இருப்பாலேயே காட்டினார். 1903 வாக்கில் 'வெள்ளை ஆஸ்திரேலியா' என்பது நடக்கவே முடியாத காரியம் என்று வாதிடும் சிறுநூலை வெளியிட்டார்.

அவர் வாதத்தின் சாரம் இது: தோலின் நிறம் வெயிலும் தட்பவெப்பமும் செய்த வேலை, அதை வைத்து மனிதரை மேல் கீழ் என்று தரம் பிரிக்க அடிப்படை இல்லை. கலப்பில்லாத இனம் என்று உலகில் எதுவும் கிடையாது. ஆஸ்திரேலியாவின் வடபகுதி வெப்பமண்டலத்தில் கிடக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர் எந்த நிறத்தவராக இருந்தாலும் வெயில் அவரைக் கறுக்கவைக்கும். ஆக, வெள்ளை நாடு என்பது வெறும் கற்பனை.

இன்றைய அறிவியல் இதை இன்னும் நுட்பமாகச் சொல்லும். ஆனால் இனப் படிநிலையைப் பாடப்புத்தகங்களே போதித்த நாளில், பல்கலைக்கழக வாசல் மிதிக்காத ஒருவர் தாமே படித்து, தாமே யோசித்து, தம் காசில் அச்சடித்து இதைச் சொன்னார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

அந்தச் சிறுநூலால் ஏதாவது மாறியதா?

சட்டம் மாறவில்லை. அந்தத் தேர்வு 1958வரை ஏட்டில் இருந்தது. 1966இல் கொள்கை பெரிதும் தளர்ந்தது; 1973இல் பிரதமர் விட்லமின் அரசு அதன் எச்சங்களையும் நீக்கியது. அப்போது கோல் இறந்து 55 ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று மெல்போர்னில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர் எழுதியதால்தான் அவர்கள் வந்தார்கள் என்று சொல்லமாட்டேன், அது பொய்யாகிவிடும். அவர்கள் வரக் கூடாது என்று நாடே சொன்னபோது, வரலாம் என்று ஒருவர் அச்சில் எழுதிவைத்திருக்கிறார் என்பதை மட்டும் சொல்வேன்.

உலகக் கூட்டாட்சி பற்றி அவர் என்ன கனவு கண்டார்?

உலகம் முழுதும் ஒரே அரசின் கீழ் வரும் என்று நம்பினார். நீராவிக் கப்பலும் ரயிலும் தந்தியும் தூரத்தைக் கரைக்கின்றன. தூரம் கரைந்தால் பகையும் கரையும் என்பது அவர் கணக்கு. 2000ஆம் ஆண்டுக்குள் இது நடந்தே தீரும் என்று எழுதினார். இதற்காகக் கட்டுரைப் போட்டி வைத்தார். ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டார். எதிர்க்கருத்துக்கும் தம் அச்சகத்தில் இடம் கொடுத்ததைக் கவனியுங்கள். வானவில்லை அவர் கடைக்கு மட்டும் சின்னமாக எடுக்கவில்லை. பல நிறம் சேர்ந்த மனித குலத்துக்கும் அதுவே அவர் மனத்தில் இருந்த கொடி.

அவர் இறந்தது முதல் உலகப்போர் ஓய்ந்து ஐந்து வாரம் கழித்து. கடைசி நான்கு ஆண்டுகள் அந்தக் கிழவருக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆஸ்திரேலியாவின் கோல்ஸ் சூப்பர்மார்க்கெட்டைத் தொடங்கியவர் இவர்தானா?

இல்லை. அது ஜார்ஜ் ஜேம்ஸ் கோல்ஸ் 1914இல் மெல்போர்னின் காலிங்வுட் பகுதியில் தொடங்கிய கடையிலிருந்து வளர்ந்த நிறுவனம். இரு குடும்பங்களுக்கும் உறவில்லை. ஆனால் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு: புக் ஆர்கேட் மூடப்பட்டபின், போர்க் தெருவில் அது இருந்த இடத்தில் ஜி. ஜே. கோல்ஸ் நிறுவனம்தான் தன் கடையைக் கட்டியது.

கடை ஏன் மூடப்பட்டது?

கடையின் உயிர் கோல்தான். எலைசா இறந்தபின் அவர் எசென்டனில் எர்ல்ஸ்பிரே ஹால் என்ற பெரிய மாளிகையில் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். அந்தக் கட்டடத்தில் இன்று ஒரு பெண்கள் பள்ளி நடக்கிறது. அவர் போனபின் கடை பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது, ஆனால் பழைய களை இல்லை. 1929இல் கதவை மூடினார்கள்.

இன்று மெல்போர்ன் போனால் அவருடைய சுவடு எதையாவது பார்க்க முடியுமா?

முடியும். வாசலில் உருளை சுற்றிய மாலுமிப் பொம்மைகள் இரண்டும் விக்டோரியா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் பத்திரமாக இருக்கின்றன. கோலின் கல்லறை பொரூண்டாரா இடுகாட்டில் இருக்கிறது. அவர் படித்த பொது நூலகம் விக்டோரியா மாநில நூலகமாக ஸ்வான்ஸ்டன் தெருவில் அதே இடத்தில் நிற்கிறது. இப்போதும் கட்டணமின்றி உள்ளே போகலாம். அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, தெற்கே நடந்து லிட்டில் காலின்ஸ் தெருவில் திரும்பி, ஹோவி பிளேஸ் சந்துக்குள் நுழைந்து நிமிர்ந்து பாருங்கள். தலைக்கு மேல் கண்ணாடிக் கூரை தெரியும்.